சைடு வாங்கினதா, பிடுங்கினதா? ஹெரெஸ் கடைசி வளைவும் சில பழைய பஞ்சாயத்தும்

#1 கடைசிவளைவு | வெள்ளி, இரவு 10:14

நேத்து ராத்திரி தூக்கம் வரலைங்க. 2005 ஹெரெஸ் மோட்டோஜிபி பைக் ரேஸோட கடைசி லேப்பை (சுற்றை) எடுத்து வச்சுப் பார்த்தேன், அப்புறம் 2013-ஐயும். அதுலேர்ந்து இந்த இழை.

புதுசா பார்க்கிறவங்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. ஸ்பெயின்ல ஹெரெஸ் ட்ராக்கோட கடைசி திருப்பம் மெதுவான இடதுபக்க ஹேர்பின் (கொண்டை ஊசி வளைவு). அதைத் தாண்டினா முடிவுக் கொடி. 2005 ஏப்ரல் 10. அதுவரை முன்னால இருந்த செட்டே ஜிபர்னாவ் சொந்த நாட்டுக் கூட்டத்துக்கு முன்னாடி வளைவுக்குள்ள வண்டியைச் சாய்க்கிறார். பின்னாலிருந்து வாலன்டினோ ரோஸி உள்பக்கமா நுழைஞ்சார். முட்டினாங்க. ஜிபர்னாவ் நேரா ஓரத்துச் சரளைக்குப் போய், இடது தோளைப் பிடிச்சுக்கிட்டே திரும்பி வந்து ரெண்டாவதா முடிச்சார். ரோஸிக்கு ஜெயிப்பு, கூட்டத்துக்கிட்டேர்ந்து விசில். பெனால்டி கிடையாது.

2013 மே 5, அதே வளைவு. அந்த வாரம்தான் அதுக்கு ஹோர்கே லொரென்சோ பேரை வச்சாங்க. முந்தின நாள் அவருக்குப் பிறந்தநாள் வேற. கடைசி லேப், ரெண்டாவது இடம் யாருக்குன்னு சண்டை. 20 வயசுப் பையன் மார்க் மார்க்கெஸ் உள்ளே நுழைஞ்சு லொரென்சோவை முட்டித் தள்ளிட்டு ரெண்டாவதா வந்துட்டான். அவர் பேரு வச்ச வளைவுலேயே! அப்புறம் கை கொடுக்க வந்தவன் முன்னாடி லொரென்சோ ஒரு விரலை ஆட்டிட்டுப் போயிட்டார். இதுக்கும் பெனால்டி கிடையாது.

என் கேள்வி இதுதான். லாரி, பஸ் ஓட்டுறவங்க ஓவர்டேக்கை 'சைடு வாங்குறது'ன்னு சொல்லுவாங்க. வாங்குறதுன்னா எதிராளி கொடுக்கணும், இல்ல அவன் கொடுக்க வேண்டிய நிலைமையில இருக்கணும். இந்த ரெண்டுலேயும் வாங்கினாங்களா, பிடுங்கினாங்களா? என்னைக் கேட்டா ரெண்டுமே பிடுங்கினதுதான். ஆனா நம்ம ஆளுங்க பாதிப் பேருக்கு முதல்தடவை வித்தை, ரெண்டாவது தடவை ரவுடித்தனம்.

---

#2 46மஞ்சள் | வெள்ளி, இரவு 10:31

ஆரம்பிச்சிட்டியா தல.

2005-ஐயும் 2013-ஐயும் ஒரே தட்டுல வைக்காதே. ஜிபர்னாவ் கதவைத் திறந்து வச்சிருந்தாரு. உள்பக்கம் ஒரு பைக் போற இடம் இருந்துச்சு, தலைவர் ரோஸி போனாரு. அதுக்கு அப்புறம்தான் ஜிபர்னாவ் வண்டியைத் திருப்பினாரு. திருப்புற இடத்துல ஏற்கெனவே ஒருத்தர் இருந்தா முட்டத்தானே செய்யும்? அன்னைக்கு மட்டுமில்ல, அதுக்கப்புறமும் ஜிபர்னாவ் ஒரு ரேஸ்கூட ஜெயிக்கலை. 2004 கத்தார்தான் கடைசி. மனசு உடைஞ்சவனை வளைவு வந்து உடைக்கலை.

மார்க்கெஸ் கதையே வேற. 2018 அர்ஜென்டினாவை மறந்துட்டியா? ரேஸ் கிளம்புற கிரிட் வரிசையில வண்டி நின்னு போச்சு, அதைத் திருப்பி உருட்டினதுக்கு ரைடு த்ரூ (பிட் லேன் வழியா மெதுவா போயிட்டு வர்ற தண்டனை). அப்புறம் அலெய்ஷ் எஸ்பர்காரோவை முட்டினான். அதோட விடாம தலைவரைப் புல்லுல கொண்டுபோய்த் தள்ளினான். அவன் நேரத்துல 30 செகண்ட் கூட்டினாங்க, அஞ்சாவதா முடிச்சவன் பதினெட்டுக்குப் போனான். இதுக்குப் பேரு ரேஸா?

---

#3 டீக்கடை_டைமிங் | வெள்ளி, இரவு 10:33

ரெண்டாவது பதிவுலேயே தலைவர் வந்துட்டார். இழை நல்லா ஓடும்.

---

#4 யாழ்_திரொட்டில் | வெள்ளி, இரவு 11:20

சண்டைக்கு முதல் ஒரு விசயம் சொல்லவேணும் அண்ணை. காரும் பைக்கும் இந்த இடத்தில ஒண்டில்லை.

பைக் சரிஞ்சு கிடக்கேக்க பலமாப் பிரேக் பிடிக்கேலாது. பிரேக் பிடிக்கிறதெண்டா நிமிர்த்தவேணும், நிமிர்த்தினா வண்டி நேர போகும், திரும்பாது. உள்ளுக்க வாறவன் பிந்திப் பிரேக் பிடிச்சு, வளைவின்ர நடுவில வந்து, மற்றவன் போகப்போற பாதைக்குக் குறுக்க நிண்டால் வெளியில இருக்கிறவனுக்கு ரெண்டே வழிதான். ஒண்டு நிமிர்த்தி வெளியால போறது. மற்றது அப்பிடியே வந்து இடிக்கிறது. ரெண்டிலயும் நட்டம் அவனுக்குத்தான்.

ஆனபடியால் 'வெளியில இருந்தவன் ஏன் விடேல்ல' எண்டு கேக்கிறது சரியில்லை. அவனுக்கு விடுறதைத் தவிர வேற வழி வைச்சிருந்தவனோ எண்டுதான் கேக்கவேணும். நல்ல ஓவர்டேக் எண்டால் வெளியில இருக்கிறவன் கொஞ்சம் பொறுத்து, குறுக்க வெட்டி, வளைவு முடியிற இடத்தில திருப்பி வாங்கிற வாய்ப்பும் இருக்கும். உள்ள வந்தவன் அகலமாத்தானே போவான். ஹெரெசில அந்த வாய்ப்பு ஜிபர்னாவுக்கும் இல்லை, லொரென்சோவுக்கும் இல்லை. முட்டினாப் பிறகு எங்கத்தைய குறுக்கு வெட்டு?

---

#5 ஏபெக்ஸ்_அனிதா | சனி, காலை 7:48

எஃப்1 (ஃபார்முலா 1 கார் ரேஸ்) பக்கத்துலேர்ந்து ஒரு கதை சொல்றேன். இங்கே 'நியாயம்'னு ஒரே வார்த்தையில பேசிட்டு இருக்கோம். அங்கே அதை அளவு வச்சு எழுதிப் பார்த்தாங்க, அதுலேயும் ஓட்டை விழுந்துச்சு.

கொஞ்ச வருஷமா ஸ்டூவர்ட்ஸ் (ரேஸ் நடுவர்கள்) கையில ஒரு வழிகாட்டி இருக்கு. உள்பக்கமா வர்றவரோட முன் அச்சு, ஏபெக்ஸுக்கு (வளைவோட உள்விளிம்பு உச்சிக்கு) வர்றதுக்குள்ள, வெளிப்பக்கக் காரோட கண்ணாடிக்கு நேராவாவது வந்திருக்கணும். வந்துட்டா அவருக்கு இடம் கொடுக்கணும். வராம முட்டினா தப்பு அவர்மேல. கேட்க அழகா இருக்கு, இல்லையா? அளவுகோல் வந்துட்டா வம்பு தீர்ந்துடும்னு நானும்தான் நினைச்சேன்.

மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் அதை அப்படியே திருப்பிப் போட்டார். ஏபெக்ஸ்ல யார் முன்னால இருக்காங்கன்னுதானே கேட்பீங்க? சரி, நான் பிரேக்கை விட்டுட்டு முன்னால போய் நிக்கிறேன், அப்புறம் கார் எங்கே போனா என்ன? 2024 ஆஸ்டின்ல, பன்னிரண்டாவது திருப்பத்துல, லாண்டோ நாரிஸ் வெளிப்பக்கமா வந்தார். ஏபெக்ஸ்ல முன்னால இருந்தது வெர்ஸ்டாப்பன். ரெண்டு காருமே ட்ராக்கை விட்டு வெளியே போச்சு. வெளியே போய் முந்தினதுக்கு நாரிஸுக்கு 5 செகண்ட். மூணாவது இடம் வெர்ஸ்டாப்பனுக்கு. விதிப்படி சரி. டிவி முன்னாடி உட்கார்ந்திருந்த எனக்கு வயிறு எரிஞ்சது.

சரியா ஒரு வாரம். மெக்ஸிகோ. அதே ரெண்டு பேர், ஒரே லேப்ல ரெண்டு இடத்துல மல்லுக்கட்டு. இந்தத் தடவை வெர்ஸ்டாப்பனுக்கு 10, இன்னொரு 10. மொத்தம் 20 செகண்ட், ஆறாவது இடம். என்ன மாறிச்சு? அளவுகோல் மாறலை. அதைப் பிடிச்சுப் பார்த்த கைதான் வேற. முந்தின வாரம் 'முன்னால இருந்தாரா'ன்னு பார்த்தாங்க, இந்த வாரம் 'தள்ளிவிட்டாரா'ன்னு பார்த்தாங்க.

அதனால கடைசிவளைவு, நீங்க 'வாங்கினதா பிடுங்கினதா'ன்னு கேட்கிறது நல்ல கேள்விதான். ஆனா அதைப் பேப்பர்ல எழுதின மறுநாளே ஒருத்தன் வாங்குற மாதிரியே பிடுங்கக் கத்துக்குவான்.

---

#6 46மஞ்சள் | சனி, காலை 8:05

அனிதா சொன்னது சரி. அதனாலதான் சொல்றேன், அளவுகோல் எல்லாம் எதுக்கு? எஃப்1 சாம்பியன் சென்னா சொன்ன ஒரு வரி போதாதா? இடைவெளி இருந்தும் அதுக்குள்ள போகலைன்னா நீ ரேஸரே இல்லை. முடிஞ்சது.

---

#7 கொடிக்காரன் | சனி, காலை 9:40

அந்த வரியை டி-ஷர்ட்ல போட்டுக்கிட்டுத் திரியறவங்க, அது எந்தத் திருப்பத்தை நியாயப்படுத்தச் சொன்னதுன்னு பார்க்கிறதில்லை.

1989-ல ஜப்பான் சுஸூகாவுல, சிக்கேன்ல (அடுத்தடுத்து வர்ற நெளிவு வளைவு), பட்டத்துக்குப் போட்டி போட்ட ப்ராஸ்டும் சென்னாவும் கோத்துக்கிட்டாங்க. தள்ளிவிடச் சொல்லிக் கிளம்பி வந்து சென்னா ஜெயிச்சார், சிக்கேனை வெட்டிட்டார்னு தகுதி நீக்கம் பண்ணாங்க, பட்டம் ப்ராஸ்டுக்கு. 1990-ல அதே ட்ராக். போல் பொசிஷன் (முதல் ஆளா கிளம்புற இடம்) தூசிப் பக்கத்துல இருக்கு, மாத்துங்கன்னு சென்னா கேட்டார். மாத்தலை. முதல் திருப்பத்துல ப்ராஸ்ட் முன்னால போனார். சென்னா விலகலை, முட்டினார், ரெண்டு காரும் மணல்ல. ரெண்டு பேரும் வெளியே போனா பட்டம் சென்னாவுக்கு. அடுத்த ரேஸுக்கு அடிலெய்டு போனப்ப முன்னாள் சாம்பியன் ஜாக்கி ஸ்டூவர்ட் பேட்டியில கேட்டாரு. அங்கே சொன்னதுதான் அந்த இடைவெளி வசனம். அடுத்த வருஷம் அதே மனுஷன் வேணும்னேதான் விலகலைன்னு ஒத்துக்கிட்டார். அங்கே இடைவெளியே இல்லை தம்பி. கோபம்தான் இருந்துச்சு. நான் சென்னாவுக்காக அழுதவன், அதனாலதான் இவ்வளவு சொல்றேன்.

சரி, என் கதைக்கு வர்றேன். இருங்காட்டுக்கோட்டை ட்ராக்ல ரொம்ப வருஷம் மார்ஷலா நின்னவன் நான். மே மாச வெயில்ல, மஞ்சக் கொடியும் நீலக் கொடியும் கையில வச்சுக்கிட்டு, டயர் அடுக்குக்குப் பின்னாடி. டிவியில பார்க்கிற ஹெலிகாப்டர் ஷாட் எல்லாம் கிடையாது. கண்ணு, அப்புறம் ஒரு பேனா. அவ்வளவுதான்.

ஒரு சின்னப் பசங்க பைக் ரேஸ். எல்லாருக்கும் ஒரே வண்டி, அதனால கும்பலா வருவானுங்க. நான் நின்ன இடத்துல ஒருத்தன் உள்ளே நுழைஞ்சான், வெளியே இருந்தவன் விழுந்தான். ஓடிப்போய் வண்டியைத் தூக்கினா கிளட்ச் லீவர் பாதி உடைஞ்சு தொங்குது. விழுந்த பையனோட ரேஸிங் சூட்ல, முழங்கைக்கு மேல, மத்தவன் டயர் உரசின கறுப்புக் கோடு ஒரு சாண் நீளத்துக்கு. அப்போ எனக்குக் கோபம் வந்து, அறிக்கையில 'வேணும்னே இடிச்சான்'னு எழுதினேன்.

எங்க பெரியவர் அதைக் கிழிச்சுப் போட்டுட்டார். 'வேணும்னேன்னு உனக்கு எப்படித் தெரியும்? அவன் மண்டைக்குள்ள போய்ப் பார்த்தியா? மூணே மூணு எழுது. பிரேக் பிடிச்சது எங்கே, தொட்டது எங்கே, தொட்டதுக்கு அப்புறம் உள்ளே வந்தவன் எங்கே போனான்.' மூணாவதுதான் முக்கியம்னார். நடந்து போய்ப் பார்த்தேன். உள்ளே வந்தவன் டயர்த் தடம் ட்ராக் ஓரத்துக் கெர்பைத் தாண்டி மண்ணுல ரெண்டு அடி கிடக்கு. அதாவது இடிச்ச பிறகும் அவனால வளைவுல நிக்க முடியலை. வெளியே ஆள் இல்லைன்னா எங்கேயோ போயிருப்பான். அவனுக்கு வளைவே கிடையாது, இவனைத்தான் சுவரா வச்சுக்கிட்டான்.

அப்படியே எழுதிக் கொடுத்தேன், பெனால்டி போட்டாங்க. சாயங்காலம் விழுந்த பையன் நொண்டிக்கிட்டே வந்து சொன்னான்: 'சார், முந்தின லேப்ல நானும் அவனை அதே மாதிரிதான் பண்ணேன். அதையும் எழுதினீங்களா?' எழுதலை. நான் அப்போ வேற பக்கம் பார்த்துட்டு இருந்தேன்.

---

#8 டீக்கடை_டைமிங் | சனி, காலை 9:52

ஐயா, கடைசி வரியில கவுத்துட்டீங்க.

---

#9 கிள்ளான்_முத்து | சனி, மதியம் 1:15

வணக்கம், மலேசியாவிலிருந்து. செபாங் பற்றி யாரும் பேசவில்லையே என்று காத்திருந்தேன்.

2015 அக்டோபர் 25. நான் அங்கேதான் இருந்தேன். அரங்கம் முழுக்க மஞ்சள் சட்டை, என்னுடையதும் மஞ்சள்தான். பட்டப் போட்டியில் ரோஸி 11 புள்ளி முன்னால் வந்திருந்தார். வியாழக்கிழமை செய்தியாளர் கூட்டத்திலேயே, ஆஸ்திரேலியாவின் ஃபிலிப் ஐலண்டில் மார்க்கெஸ் லொரென்சோவுக்கு உதவினார் என்று பொரிந்து தள்ளிவிட்டார். ஞாயிறு இரண்டு பேரும் ஒரு லேப்பில் எத்தனை முறை இடம் மாறினார்கள் என்று எண்ண முடியவில்லை. நிஜமாகவே விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், விட்டுவிட்டேன்.

பதினான்காவது திருப்பம் நான் இருந்த இடத்துக்கு நேராக இல்லை, பெரிய திரையில்தான் பார்த்தோம். ரோஸி உள்பக்கம். வளைந்து வெளியேற வேண்டியவர் வளையவில்லை. வேகத்தைக் குறைத்து மார்க்கெஸை வெளியே வெளியே அணைத்துக்கொண்டே போனார், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. பஸ்காரர் மோட்டார் சைக்கிளைச் சாலை ஓரத்துக்கு அணைப்பார் இல்லையா, அதே மாதிரி. பிறகு உரசல், ஒரு கால் அசைவு, மார்க்கெஸ் கீழே. கூட்டம் ஒரு நொடி அமைதி. அப்புறம் பாதிப் பேர் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து மறுபடி பார்த்தபோதுதான் வெட்கமாக இருந்தது.

உதைத்தாரா இல்லையா என்று பத்து வருடமாகச் சண்டை போடுகிறார்கள். தீர்ப்பே அந்தக் காலைப் பற்றியது இல்லை லா. வேண்டுமென்றே அகலமாகப் போய் மார்க்கெஸை லைனை விட்டுத் தள்ளினார், அதனால் மோதல், இதுதான் நடுவர் குழுவான ரேஸ் டைரக்‌ஷன் சொன்னது. மார்க்கெஸ் விதி எதையும் மீறவில்லை என்றும் சொன்னார்கள். 3 பெனால்டி புள்ளி. மிசானோவில் வாங்கிய 1 ஏற்கெனவே இருந்ததால் மொத்தம் 4, வாலென்சியாவில் கடைசி இடத்திலிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று. அங்கே நான்காவதாக வந்தார், பட்டம் 5 புள்ளியில் லொரென்சோவுக்கு.

கொடிக்காரன் ஐயாவின் மூன்றாவது கேள்வியை இதில் போட்டுப் பாருங்கள். ரோஸிக்கு வளைவு இருந்தது. நன்றாகவே இருந்தது. அதை எடுக்காமல் விட்டார். அதனால் எனக்கு இது ஹெரெஸை விட மோசம்.

(ஒரு கிளைக்கதை: இதே செபாங்கில் 2012-ல் எஃப்1 ரேஸில் நம் நாராயண் கார்த்திகேயனை ஒரு லேப் முந்தும்போது செபாஸ்டியன் வெட்டல் டயரைக் கிழித்துக்கொண்டு, அப்புறம் 'வெள்ளரிக்காய்' என்று திட்டினார். 20 செகண்ட் தண்டனை நாராயணுக்குத்தான் கிடைத்தது. எங்கள் வீட்டில் இன்னமும் வெள்ளரிக்காய் நறுக்கும்போது அந்தப் பேச்சு வரும்.)

---

#10 46மஞ்சள் | சனி, மதியம் 1:40

மஞ்சள் சட்டை போட்டுக்கிட்டு முதுகுல குத்துறீங்களே முத்து. அந்த ரேஸ் முழுக்க மார்க்கெஸ் யாரோட ரேஸ் ஓட்டினான்? முன்னால போன லொரென்சோவையா துரத்தினான்? தலைவரைச் சீண்டிக்கிட்டே இருந்தான். சீண்டினவனுக்கு ஒண்ணும் இல்லை, பொறுமை இழந்தவனுக்குத் தண்டனை. இது எந்த ஊர் நியாயம்? மார்க்கெஸ் ரசிகன்கிறவன் எல்லாம் [நீக்கப்பட்டது]

---

#11 மட்டுறுத்துநர் | சனி, மதியம் 1:58

46மஞ்சள், கடைசி வரியை எடுத்துட்டேன். ரைடரைத் திட்டலாம், இங்கே எழுதுற ஆளைத் திட்டக்கூடாது. 2015-க்குத் தனி இழையே 140 பக்கம் ஓடிக்கிட்டு இருக்கு, அங்கே போங்க.

---

#12 கடைசிவளைவு | சனி, மாலை 6:22

மத்தியானம் பூரா கடையில கூட்டம், இப்பத்தான் உட்கார்ந்தேங்க. கிடைச்ச கேப்ல கணக்கு நோட்டு பின்பக்கத்துல ஒரு கணக்குப் போட்டேன், மண்டை காய்ஞ்சு போச்சு.

2013 பட்டம்: மார்க்கெஸ் 334, லொரென்சோ 330. நாலு புள்ளி வித்தியாசம்.

ஹெரெஸ்ல ரெண்டாவதுக்கு 20 புள்ளி, மூணாவதுக்கு 16. அந்த முட்டல் மட்டும் இல்லாம லொரென்சோ ரெண்டாவதா வந்திருந்தா? அவருக்கு நாலு கூடும், மார்க்கெஸுக்கு நாலு குறையும். லொரென்சோ 334, மார்க்கெஸ் 330. அப்படியே இடம் மாறிடுது!

ஒரு இடம் இறக்குற பெனால்டி இப்ப இருக்கு. கடைசி லேப்ல ட்ராக் ஓரத்துப் பச்சைப் பெயின்ட்டை டயர் தொட்டாலே ஒரு இடம் போயிடலாம். அன்னைக்கு அதைப் போட்டிருந்தா அந்த வருஷ சாம்பியனே வேற ஆள். தோளு முட்டினதுக்கு ஒண்ணும் இல்லை, பெயின்ட்டைத் தொட்டதுக்குத் தண்டனை. இதைத்தான் நான் பிடுங்கல்னு சொல்றேன்.

---

#13 ஏபெக்ஸ்_அனிதா | சனி, மாலை 6:50

கணக்கு சரி, கதை சரியில்லை. அதே வருஷம் ஃபிலிப் ஐலண்டில் பத்து லேப்புக்குள்ள பைக் மாத்தணும்னு விதி. மார்க்கெஸ் அணி எண்ணிக்கையில கோட்டை விட்டுக் கறுப்புக் கொடி வாங்கினாங்க, அதாவது ரேஸை விட்டே வெளியே. அங்கே முழு ரேஸே பூஜ்யம். அந்தப் பக்கமும் 'அப்படி இருந்திருந்தா' போட ஆரம்பிச்சா உங்க நோட்டுல பக்கம் பத்தாது.

இன்னொண்ணு. விளைவை வச்சுத் தீர்ப்புச் சொல்றதுதான் ஆபத்தே. 2021 எஃப்1, சில்வர்ஸ்டோன், முதல் லேப், காப்ஸ் திருப்பம். ஹாமில்டனோட உரசி வெர்ஸ்டாப்பன் 51 ஜி (புவியீர்ப்பைப் போல 51 மடங்கு) விசையில டயர்ச் சுவர்ல போய் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். ஹாமில்டனுக்கு 10 செகண்ட், அதைக் கழிச்சுட்டும் அவரே ஜெயிச்சார். 'இவ்வளவு பெரிய அடிக்கு வெறும் பத்தா'ன்னு ஊரே கத்திச்சு. ஆனா ஸ்டூவர்ட்ஸ் பார்க்க வேண்டியது செயலை, அடியை இல்லை. அதே உரசல் மெதுவான ஹேர்பின்ல நடந்திருந்தா ஒரு முன் இறக்கை உடைஞ்சிருக்கும், அவ்வளவுதான். செயல் ஒண்ணுதானே? எனக்கு அதுல ஹாமில்டன்மேல கோபம் உண்டு. இருந்தாலும் அந்தத் தத்துவத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

---

#14 சார்லட்_செல்வம் | சனி, இரவு 8:10

நாஸ்கார் (அமெரிக்கக் கார் ரேஸ்) ஊர்லேர்ந்து ஒரு கருத்து. இங்கே பின்னாலிருந்து லேசா முட்டி, முன்னால இருக்கிறவனை ஒரு லேன் தள்ளிவிட்டுப் போறது தப்பே இல்லை. சின்ன ஓவல் ட்ராக்ல அது ஒரு கலை, ஜனம் எழுந்து நின்னு கத்தும்.

ஆனா அதுக்கும் ஒரு எல்லைன்னு 2024 ஆகஸ்ட்ல ரிச்மண்ட்ல தெரிஞ்சுது. கடைசி லேப், ஆஸ்டின் டில்லன் முதல்ல லொகானோவைச் சுழட்டினார், அடுத்து ஹாம்லினைச் சுவர்ல ஏத்தினார். ஜெயிச்சார். ஜெயிப்பை விட்டுட்டாங்க, கோப்பையும் அவருக்கே. ஆனா அந்த ஜெயிப்பால கிடைச்ச பிளேஆஃப் (பட்டத்துக்கான கடைசிக் கட்டம்) இடத்தைப் பிடுங்கிட்டாங்க. 'கோப்பையை வச்சுக்கோ, அதை வச்சு எதுவும் வாங்க முடியாது'ன்னு சொன்ன மாதிரி. எனக்கு இந்தத் தீர்ப்பு பிடிச்சிருந்தது. எங்க ஆபீஸ்ல பாதிப் பேருக்குப் பிடிக்கலை.

---

#15 யாழ்_திரொட்டில் | சனி, இரவு 11:05

அனிதா அக்கா சொல்லுற 'செயலைப் பார், அடியைப் பாராதே' எண்டது பைக்கில நடக்கிறேல்ல. 2011 லெமான்ஸைப் பாருங்கோ. சிமொன்செல்லி பெட்ரோசாவுக்கு இடம் விடேல்ல, பெட்ரோசா விழுந்து வலது காறை எலும்பு முறிஞ்சுது. சிமொன்செல்லிக்கு ரைடு த்ரூ. பெட்ரோசா விழாமல் நிண்டிருந்தால் அதே செயலுக்கு ரைடு த்ரூ வந்திருக்குமோ? எனக்கு நம்பிக்கை இல்லை.

அந்த வருசம் சிமொன்செல்லியின்ர ஓட்டத்தைப் பற்றி ஆகக் கூடச் சத்தம் போட்ட ஆள் லொரென்சோதான். பிறகு 2013-ல மார்க்கெஸுக்கும் விரலை ஆட்டினவர். ஆனா அவரே 250 சிசி ஓடேக்க மொட்டெகியில டி ஆஞ்சலிஸை இடிச்சு ஒரு ரேசுக்குத் தடை வாங்கின ஆள். எந்த வருசம் எண்டு நினைக்கிறியள்? 2005. ரோஸி ஜிபர்னாவை முட்டின அதே வருசம்.

தடை வாங்கினதாலதான் திருந்தி, துப்புரவா ஓடத் தொடங்கினவர் எண்டும் சொல்லலாம். ஜிபர்னாவை முட்டினவருக்கு ஒண்டும் குடுக்கேல்ல. அதைப் பாத்து வளந்த பெடியன்தான் மார்க்கெஸ், 2005-ல அவனுக்கு 12 வயசு. அவன்ர வீட்டுச் சுவரில ஆற்ர படம் இருந்திருக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

---

#16 46மஞ்சள் | சனி, இரவு 11:18

வலிக்குது பா.

---

#17 கடைசிவளைவு | ஞாயிறு, காலை 6:35

கொடிக்காரன் ஐயா, உங்க மூணு கேள்வியையும் வச்சு ரெண்டு வீடியோவையும் ஃப்ரேம் ஃப்ரேமா ஓட்டிப் பார்த்தேன். வீட்டுக்காரி எழுந்து வந்து 'இன்னுமா அந்த வளைவு'ன்னு கேட்டுட்டுப் போனா.

சிக்கல் மூணாவதுலதான். முட்டினதுக்கு அப்புறம் ரோஸி ட்ராக்லதான் இருக்கார். மார்க்கெஸும் ட்ராக்லதான் இருக்கான். உங்க பையன் மாதிரி மண்ணுல தடம் இல்லை. உங்க கணக்குப்படி ரெண்டு பேருக்கும் வளைவு இருந்துச்சு, ரெண்டும் சுத்தம்னு ஆயிடுதுங்களே?

ஆனா எனக்கு மனசு ஒப்பலை. கேரம்போர்டு விளையாடி இருப்பீங்க. ஸ்ட்ரைக்கரைக் காய்மேல நேரா அடிச்சா காய் ஓடிப்போகும், ஸ்ட்ரைக்கர் வேகம் குறைஞ்சு கொஞ்சத்துல நின்னுடும். ஸ்ட்ரைக்கர் போர்டுக்குள்ளயே இருக்கேன்னு அதோட வேகம் சரியா இருந்துச்சுன்னு சொல்ல முடியுமா? காயை முட்டினதாலதானே நின்னுது. மார்க்கெஸ் நின்னதும் அப்படித்தான்னு எனக்குப் படுது. வேகம் பூரா லொரென்சோமேல இறங்கிடுச்சு.

ரோஸி விஷயத்துல... நேர்மையா சொல்றேன், முதல் பதிவுல 'ரெண்டுமே பிடுங்கல்'னு எழுதினேன். இப்போ பார்த்தா 2005-ல ரோஸி முட்டுறதுக்கு முன்னாலேயே வண்டியைச் சாய்ச்சுட்டார்னு தோணுது. பாதி வாங்கினது, பாதி பிடுங்கினது.

---

#18 கொடிக்காரன் | ஞாயிறு, காலை 8:20

கேரம் உதாரணம் சரிதான் தம்பி. அதனாலதான் எங்க பெரியவர் மூணாவதோட நிறுத்தலை, முதல் கேள்வி பிரேக் எங்கேன்னுதான். முட்டினதுக்கு அப்புறம் நடக்கிறது இயற்பியல், முட்டுறதுக்கு முன்னால நடக்கிறது ஆளோட முடிவு. முட்டுறதுக்கு முன்னால வண்டி சாய்ஞ்சிருக்கா, முன் டயர் திரும்பிடுச்சா? ஆமான்னா அவன் அந்த வளைவை எடுக்க வந்தவன். பிரேக்ல நிமிர்ந்தே வந்து மத்தவன்மேல சாய்ஞ்சானா? அவன் ஆளை எடுக்க வந்தவன்.

ஆனா ஒண்ணு. நீங்க ஃப்ரேம் ஃப்ரேமா பார்க்கிறீங்க, பக்கத்துல காபி இருக்கு. அங்கே ஓட்டுறவனுக்கு அது ஒரு செகண்டுக்கும் குறைவு, கடைசி லேப், கை மரத்துப் போயிருக்கும். நான் கொடி பிடிச்சுக்கிட்டு நின்ன இடத்துல நின்னீங்கன்னா பத்துல நாலு தடவை தப்பாத்தான் எழுதுவீங்க. நானும் எழுதியிருக்கேன்.

என் தீர்ப்பு கேட்டீங்கன்னா: 2005-க்கும் 2013-க்கும் ரெண்டுக்குமே ஒரு இடம் இறக்கியிருப்பேன். செபாங் 2015-க்குக் கறுப்புக் கொடி, அன்னைக்கே, அந்த லேப்லேயே. அடுத்த ரேஸ் வரைக்கும் இழுத்திருக்கவே கூடாது.

---

#19 ஏபெக்ஸ்_அனிதா | ஞாயிறு, காலை 9:02

'அந்த லேப்லேயே' - இதுல நான் ஐயா பக்கம். ரேஸ் முடிஞ்சு மூணு மணி நேரம் கழிச்சுப் பேப்பர்ல வர்ற தீர்ப்பு யாருக்கும் புண்ணியமில்லை. 2019 ஆஸ்திரியாவுல லெக்லேர்க்கை வெர்ஸ்டாப்பன் முட்டி ஜெயிச்சார். கோப்பை வாங்கி, ஷாம்பெயின் தெளிச்சு, கூட்டமெல்லாம் கலைஞ்ச பிறகுதான் 'ரேஸ்ல சகஜம்'னு தீர்ப்பு வந்துச்சு. மாத்திச் சொல்லியிருந்தா கோப்பையை யார்கிட்டேர்ந்து யார் வாங்குறது?

---

#20 46மஞ்சள் | ஞாயிறு, காலை 9:30

ராத்திரி நானும் தூங்கலை. எல்லாம் இந்தப் பாழாப்போன இழையாலதான்.

ஐயா சொன்ன மாதிரி சாய்ஞ்சிருக்கா சாய்ஞ்சிருக்கான்னு முப்பது தடவை பார்த்தேன். தலைவர் சாய்ஞ்சிட்டார். சத்தியமா சாய்ஞ்சிட்டார். ஆனா ஜிபர்னாவ் தோளைப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பி வர்ற அந்த ஷாட்டை இத்தனை வருஷமா நான் முழுசாப் பார்த்ததே இல்லைன்னு இப்பத்தான் தெரியுது. எப்பவும் தலைவர் கோட்டைத் தாண்டினதும் வீடியோவை நிறுத்திடுவேன்.

சரி, ஒரு இடம் இறக்கியிருக்கலாம். 2005-க்கு மட்டும். சொல்லிட்டேன். இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து 2015 இழையில கொண்டுபோய்ப் போடாதீங்கடா.

---

#21 டீக்கடை_டைமிங் | ஞாயிறு, காலை 9:31

போட்டாச்சு தல. 141-வது பக்கம்.